ஐப்பசியில் தூண்டிலோடு நீலகிரிக்கு வரலாமா?

கோவையிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: "ஸ்காட்லாந்தில் இலையுதிர் காலத்தில் ஒரு வாரம் ஆற்றங்கரையிலேயே தங்கி சால்மன் பிடிக்கிறார்கள். அதே மாதிரி அக்டோபர் கடைசியில் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு அவலாஞ்சி, எமரால்டு பக்கம் வரலாம் என்றிருக்கிறேன். அங்கே சால்மன் உண்டா? அந்த மாதம் சரியா? என்ன தூண்டில் வாங்க வேண்டும்?"

நான் எமரால்டில் வளர்ந்தவன். அப்பாவுக்குக் குந்தா மின்திட்டத்தில் வேலை. பின்னால் என் வேலை நிமித்தமாக எடின்பரோவில் சில வருடம் இருந்தேன். நீங்கள் சொல்லும் அந்த அக்டோபர் வாரத்தை ஸ்காட்லாந்தின் ட்வீட் ஆற்றில் முழுசாகக் கழித்திருக்கிறேன். இரண்டு கரையிலும் நின்றவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சால்மன் இங்கே கிடையாது, வரவும் முடியாது. சென்னை, தூத்துக்குடி ஹோட்டல் மெனுவில் 'இந்தியன் சால்மன்' என்று போட்டிருப்பது நம்முடைய காலா மீன். அது வேறு குடும்பம். உண்மையான அட்லாண்டிக் சால்மன் குளிர்ந்த ஓடையில் கூழாங்கல் இடுக்கில் பிறக்கிறது. சில வருடம் ஆற்றில் வளர்ந்து கடலுக்குப் போகிறது. கிரீன்லாந்து வரைக்கும் போய் மேய்ந்துவிட்டு, பிறந்த ஆற்றின் வாசனையைப் பிடித்துக்கொண்டு முட்டையிடத் திரும்புகிறது. ஆறு, கடல் இரண்டுமே அதற்குக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். நம் பக்கத்துக் கடலில் மேல்தண்ணீர் ஏறக்குறைய 28 டிகிரி. அவலாஞ்சித் தண்ணீர் குந்தா வழியாகப் பவானியில் சேர்ந்து, பவானிசாகர் அணையில் தேங்கி, காவிரியில் கலக்கிறது. அந்தச் சமவெளிச் சூட்டில் ஒரு சால்மனால் ஒரு நாள்கூடத் தாங்க முடியாது. தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும் என்பதுதான் விஷயம். கடல் மட்டத்தில் 10 டிகிரித் தண்ணீர் ஒரு லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 30 டிகிரியில் அது ஏழரைக்கு இறங்கிவிடும்.

ஆனால் சால்மனின் நெருங்கிய பங்காளி ஒன்று நம் மலையில் நூறு வருடத்துக்கு மேலாகக் குடியிருக்கிறது. அதுதான் ரெயின்போ ட்ரவுட். பங்காளி என்பதைப் பேச்சுக்காகச் சொல்லவில்லை. 1989 வரை இந்த மீனை அட்லாண்டிக் சால்மனின் பேரினத்தில்தான் வைத்திருந்தார்கள். பிறகு பசிபிக் சால்மன்களோடுதான் இதற்கு உறவு நெருக்கம் என்று தெரிந்து, ஆங்கோரிங்கஸ் என்ற அவற்றின் பேரினத்துக்கு மாற்றினார்கள். வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் இதே ட்ரவுட் கடலுக்குப் போய்த் திரும்பினால் அதற்கு ஸ்டீல்ஹெட் என்று பெயர். ஆக, நீங்கள் தேடும் மீனின் வீட்டு ஆள்தான் இங்கே இருக்கிறது.

இது வந்த கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்தவர் பிரான்சிஸ் டே. இந்திய மீன்களைப் பற்றிய பெரிய நூலை எழுதியவரும் அவர்தான். 1863-ல் இங்கிலாந்திலிருந்து ட்ரவுட் முட்டைகளை நீலகிரிக்குக் கொண்டுவரப் பார்த்தார். அத்தனையும் வழியிலேயே கெட்டுப்போயின. அதன் பிறகும் பலர் முயன்று தோற்றார்கள். 1906-க்குப் பிறகு ஹெச். சி. வில்சன் என்பவர் பொறுப்பெடுத்து, அவலாஞ்சியில் பொரிப்பகம் கட்டி, இலங்கை, ஜெர்மனி, நியூசிலாந்து என்று பல இடங்களிலிருந்து ரெயின்போ வரவழைத்தபோதுதான் மீன் நிலைத்தது. நியூசிலாந்துக்கே இந்த மீன் 1883-ல் கலிபோர்னியாவிலிருந்து போனது. அவலாஞ்சி ஓடையில் ஒரு ட்ரவுட்டைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பயணம்தான் எனக்கு நினைவுக்கு வரும்.

இப்போது மாதத்துக்கு வருவோம். நம் பெரும்பொழுதுக் கணக்கில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் காலம். இலை உதிர்ந்து மலை நிறம் மாறுவதெல்லாம் இங்கே கிடையாது. சோலை மரங்கள் அப்படியே பச்சையாகத்தான் நிற்கும். மாறுவது தண்ணீர். குந்தா மலைகள் மேற்கைப் பார்த்து நிற்பதால் தென்மேற்குப் பருவமழையை நேராக நெஞ்சில் வாங்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஆனி, ஆடி, ஆவணியில் அங்கே ஓடை என்று எதுவும் இருக்காது, வெறும் செங்காவி வெள்ளம்தான். புரட்டாசி முடியும்போது அது வடிந்து, தண்ணீர் லேசான டீ நிறத்துக்குத் தெளியும். புல்வெளியின் கரிய மண்ணில் ஊறி வருவதால் அந்தச் சாயம். ஐப்பசியில் அடைமழை என்பார்கள், வாஸ்தவம்தான். ஆனால் வடகிழக்குப் பருவமழையின் பெரும்பங்கை மலையின் கிழக்குப் பக்கமான குன்னூரும் கோத்தகிரியும் வாங்கிக்கொள்கின்றன. மேற்கே பெரும்பாலும் மதியத்துக்கு மேல் ஒரு மழையோடு நின்றுவிடும். காலை நேரம் உங்களுடையது.

தண்ணீர் அளவு, தெளிவு, குளிர்ச்சி மூன்றையும் வைத்துப் பார்த்தால் அக்டோபர் நல்ல மாதம். ஒரு கவலை மட்டும் இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாகப் பதில் சொன்னதாக ஆகாது. நீலகிரியில் ட்ரவுட் முட்டையிடுவது குளிர் மாதங்களில். நவம்பர் தொடங்கி பிப்ரவரி வரைக்கும் போகும். அக்டோபர் கடைசியிலேயே ஆண் மீனின் பக்கவாட்டுச் சிவப்புப் பட்டை அடர்த்தியாகிவிடும். கீழ்த்தாடை லேசாக மேல்நோக்கி வளையத் தொடங்கும். பெண் மீனின் வயிறு கனத்திருக்கும். நீங்கள் லீவு போட நினைக்கும் வாரமும் அது வயிற்றில் அடுத்த தலைமுறையைச் சுமக்கத் தொடங்கும் வாரமும் ஒன்றுதான். ஸ்காட்லாந்திலும் இதே கதைதான். இலையுதிர் காலத்தில் சால்மன் ஆறேறுவது முட்டையிடத்தானே.

அது என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்களுக்கு, நான் சின்னப் பையனாக இருந்தபோது பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு மார்கழிக் காலையில் அப்பாவின் நண்பர் ஒருவர் என்னைப் பொரிப்பகத்துக்குக் கூட்டிப்போனார். புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளை பூத்திருந்தது. உள்ளே ஒருவர் ஈரத் துண்டால் ஒரு பெண் மீனைச் சுற்றிப் பிடித்து, கட்டைவிரலால் அதன் வயிற்றை மேலிருந்து கீழாக மெதுவாக நீவினார். துளிகூட ஈரமில்லாத எனாமல் பேசினில் ஆரஞ்சு நிற முட்டைகள் சரம் சரமாக விழுந்தன. ஒவ்வொன்றும் நல்ல ஜவ்வரிசி அளவு இருக்கும். அடுத்து ஓர் ஆண் மீன். அதன் வயிற்றை நீவ, பால் போல இரண்டு பீச்சல். ஒரு கோழி இறகால் அதைக் கலக்கிவிட்டார். அதற்குப் பிறகுதான் தண்ணீர் ஊற்றினார். "மொதல்லயே தண்ணி பட்டா வீணாப் போயிடும் தம்பி" என்றார். விந்தணு தண்ணீரில் உயிரோடிருப்பது அரை நிமிடம்தான் என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். பத்து டிகிரிக் குளிரில் அந்த முட்டை பொரிய ஒரு மாதம் ஆகும். முட்டைக்குள் குஞ்சின் கண் புள்ளியாகத் தெரிகிற வரைக்கும் தட்டை அசைக்கக்கூட அவர்கள் யாரையும் விடமாட்டார்கள்.

ஓடையில் இதையெல்லாம் மீனே செய்துகொள்ள வேண்டும். ஒழுக்கு வேகமாகவும் ஆழம் முழங்காலுக்குக் கீழும் இருக்கும் சரளைப் படுகையில் பெண் மீன் ஒருக்களித்துப் படுத்து வாலால் அடிக்கும். கல் உருண்டு பள்ளமாகும். அதில் முட்டையிட்டு, மேலே நகர்ந்து மறுபடி அடித்து, அந்தச் சரளையாலேயே மூடும். பாசி படிந்த கரிய படுகையின் நடுவில் கழுவி வைத்த மாதிரி வெளிறிய ஒரு திட்டு தெரிந்தால் அதுதான் அதன் கூடு. அக்டோபர் கடைசியில் அரிதாகத்தான் பார்ப்பீர்கள், ஆனாலும் பார்க்க வாய்ப்புண்டு. அதை மிதித்துவிடாதீர்கள். ஓடைக்குள் இறங்கி நடக்கிறவர்களைக் கண்டால் எனக்கு இதனால்தான் பதற்றம். அவர்கள் பிடிக்கிற ஒரு மீனைவிடக் காலடியில் நசுங்குகிற முட்டைகள் பல மடங்கு.

என் வழக்கம் இது: அக்டோபரோடு பெரிய ஓடைகளில் நிறுத்திவிடுவேன், சின்னக் கிளை ஓடைகள் பக்கம் அப்போதும் போகமாட்டேன், பிப்ரவரி முடிகிற வரைக்கும் தூண்டில் வீட்டுப் பரணில்தான். வயிறு கனத்த மீன் எதுவானாலும் திரும்பத் தண்ணீருக்கே.

அனுமதி விஷயத்தில் நீங்கள் கொஞ்சமும் அசட்டையாக இருக்கக் கூடாது. நல்ல ட்ரவுட் ஓடைகளில் பல முக்கூர்த்தி தேசியப் பூங்காவுக்குள் இருக்கின்றன. அங்கே மீன் பிடிப்பது 1972-ம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மற்றவை பெரும்பாலும் காப்புக்காடு. அங்கேயும் அனுமதியில்லாமல் தூண்டில் போட்டால் வனச் சட்டம் பாயும். யாரோ ஒரு டிரைவரோ ரிசார்ட்காரரோ "நான் பார்த்துக்கறேன் சார்" என்று சொன்னால் நம்ப வேண்டாம். வழக்கு உங்கள் பெயரில்தான் வரும். முதலில் ஊட்டியில் மீன்வளத் துறை அலுவலகத்துக்கு நேரில் போங்கள். எந்தத் தண்ணீரில், எந்தத் தேதியில் பிடிக்கலாம் என்று எழுத்தில் வாங்குங்கள். அந்த இடம் காட்டுக்குள் என்றால் வனத் துறையின் அனுமதியையும் வாங்குங்கள். லீவு போடுவதற்கு முன்னாலேயே இதைச் செய்யுங்கள். கிடைக்கவில்லை என்றால் தூண்டிலை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். அப்படி வந்தாலும் அந்த வாரம் வீணாகாது, நம்புங்கள்.

இந்தக் கெடுபிடிக்கு ஒரு நியாயமும் இருக்கிறது. ட்ரவுட் நம் ஓடைக்கு வந்தேறி. பூச்சி, தலைப்பிரட்டை, சின்ன மீன் என்று அகப்படுவதையெல்லாம் தின்னும். வேறெங்கும் இல்லாத தவளைகள் இந்த மலையில் இருக்கின்றன. அதனால், இருக்கிற ஓடைகளில் இருக்கிற ட்ரவுட் போதும், புதிய ஓடைகளில் கொண்டுபோய் விட வேண்டாம் என்பதுதான் என் கருத்து. மீன்மேல் இத்தனை ஆசை வைத்திருந்தும் இதைச் சொல்கிறேன்.

சரி, அந்த ஸ்காட்லாந்து வாரம் எப்படி இருக்கும் என்று தெரிந்தால் நீங்கள் இங்கே எதை எதிர்பார்க்கலாம் என்பது புரியும். ட்வீட்டில் சால்மன் பருவம் நவம்பர் 30 வரைக்கும் நீளும். டே (Tay) என்ற இன்னொரு ஸ்காட்லாந்து ஆற்றில் அது அக்டோபர் 15-ல் முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை சால்மன் பிடிப்பது ஸ்காட்லாந்தில் சட்டப்படி தடை. அதனால் ஒரு வாரம் என்றால் ஆறு நாள்தான். ஆற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து வாடகைக்கு விடுவார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் கில்லி என்று ஒரு வழிகாட்டி உண்டு. இத்தனைக்கும் ஆற்றுக்குள் வந்த சால்மன் சாப்பிடுவதே இல்லை, அதன் இரைப்பையே சுருங்கிவிடும். பசியில்லாத மீனை எதைக் காட்டி இழுப்பது? எரிச்சலிலோ பழைய பழக்கத்திலோ அது கவ்வினால்தான் உண்டு. எனக்கு ஐந்து நாள் ஒன்றுமே நடக்கவில்லை. காலை எட்டரைக்கு இறங்கி, பதினைந்தடி கம்பை இரண்டு கையாலும் வீசி, இரண்டு எட்டு கீழே நகர்ந்து, மறுபடி வீசி, சாயங்காலம் வரைக்கும் அதேதான். ஆறாவது நாள் மதியம் தூண்டில் நரம்பு இறுகியது. இருபது நிமிடம். வலையில் வந்தது சுமார் ஐந்து கிலோ பெண் மீன், செம்பு நிறத்துக்குத் திரும்பத் தொடங்கியிருந்தது. கில்லி அதைத் தண்ணீரைவிட்டுத் தூக்கவே விடவில்லை. தலையை ஒழுக்குக்கு எதிராகத் திருப்பி, வாலடியை ஒரு கையாலும் நெஞ்சுக்கடியை இன்னொரு கையாலும் தாங்கிக்கொள்ளச் சொன்னார். செவுள் திறந்து மூடுவதை உள்ளங்கையில் உணர முடிந்தது. ஒரு நிமிடம் கழித்து ஒரே உதறல், மீன் போய்விட்டது. ஆறு நாளில் அந்த ஒரு மீன்தான். அந்த ஒரு நிமிடத்துக்காக மறுபடியும் ஆறு நாள் நிற்பேன்.

அங்கே பெருமீன்களின் காலம் ஒன்று இருந்தது. 1922 அக்டோபர் 7 அன்று டே ஆற்றில் ஜார்ஜினா பேலன்டைன் என்ற பெண் பிடித்த 64 பவுண்டு சால்மன், ஏறக்குறைய 29 கிலோ, இன்றுவரை பிரிட்டனின் சாதனையாக நிற்கிறது. இன்று நிலைமை வேறு. 2023 டிசம்பரில் பிரிட்டனின் அட்லாண்டிக் சால்மனை அழிவாபத்தில் இருப்பதாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அறிவித்துவிட்டது. ட்வீட்டின் இலையுதிர் கால வரத்தும் கடந்த பத்து வருடத்தில் வெகுவாகக் குறைந்துவிட்டது. நீங்கள் சொன்ன அந்த ஸ்காட்லாந்து ஆட்களும் பிடித்ததில் பெரும்பாலானவற்றை விட்டுவிடுகிறவர்கள்தான்.

நம் ட்ரவுட்டுக்கும் சால்மனுக்கும் பிடிக்கிற முறையில் அடிப்படையிலேயே ஒரு வித்தியாசம் இருக்கிறது. ட்ரவுட் சாப்பிடுகிற மீன். ஒழுக்கில் ஓரிடத்தில் நின்றுகொண்டு, வருகிற இரையை வாய்க்கு நேராக வாங்கித் தின்னும். சால்மனுக்குக் கீழ்நோக்கிக் குறுக்கே வீசி, தூண்டில் ஒழுக்கில் வளைந்து வருமாறு விடுவோம். ட்ரவுட்டுக்கு அப்படியே தலைகீழ். மீன் தலையை மேல்நீருக்குக் காட்டி நிற்கும். அதனால் நீங்கள் அதற்குக் கீழே, வால் பக்கம் நின்று, மேல்நோக்கி வீசி, பொய்ப்பூச்சி, அதாவது முள்ளில் பூச்சி மாதிரி கட்டிய போலி இரை, தானாக மிதந்து வருகிற மாதிரி விட வேண்டும். நரம்பு இழுத்துப் பூச்சி ஒரு விரற்கடை குறுக்கே போனாலும் அது தொடாது.

எங்கே நிற்கும் என்று கண்டுபிடிப்பதில்தான் வாரத்தின் பாதி போக வேண்டும். பாறைக்கு முன்னால் தண்ணீர் மோதி மெத்தென்று ஆகிற இடம், வேக ஒழுக்கும் மந்த ஒழுக்கும் உரசிக்கொண்டு நுரை வரிசையாகப் போகிற கோடு, கரை குடைந்து புல் தொங்குகிற நிழல் மடிப்பு. நுரை போகிற வழியில்தான் பூச்சியும் போகும். வெயில் ஏறிப் புல்வெளி காய்ந்ததும் வெட்டுக்கிளி தவறி விழும். பத்திலிருந்து பன்னிரண்டு மணி வரைக்கும் அந்தத் தொங்கு புல்லின் அடியைப் பாருங்கள். முதல் இரண்டு நாள் தூண்டிலைப் பிரிக்கவே வேண்டாம் என்பேன். கரையிலிருந்து பத்தடி தள்ளி, வானத்தில் உங்கள் உருவம் தெரியாதபடி உட்கார்ந்து, அரை மணி நேரம் ஒரே மடுவைப் பாருங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. அப்புறம் ஒரு கல் அசையும். அந்தக் கல்தான் மீன்.

அளவில் ஏமாந்துவிடாதீர்கள். ஓடை ட்ரவுட் பெரும்பாலும் ஒரு சாண் இருக்கும், சில சமயம் கொஞ்சம் கூட.

ஆபத்து என்று பார்த்தால் காட்டு மாடு, கரடி எல்லாம் உண்டு. சாயங்காலம் நாலரைக்கு மேல் ஓடைக்கரையில் இருக்காதீர்கள். அட்டைக்குப் பயப்பட ஒன்றுமில்லை. நான் உண்மையில் பயப்படுவது அணைத் தண்ணீருக்கு. குந்தா திட்டத்தின் அணைகளும் மின்நிலையங்களும் ஒன்றோடொன்று சுரங்கத்தால் இணைந்தவை. மின்தேவையைப் பொறுத்து எந்த நேரமும் தண்ணீர் திறப்பார்கள். மேலே மழையே இல்லாமல் கணுக்கால் தண்ணீர் இடுப்புக்கு ஏறிவிடும். அணைக்குக் கீழே இருக்கும் ஆற்றுப் படுகையில் எந்தக் காரணத்துக்காகவும் நடுப்பாறையில் போய் நிற்காதீர்கள். தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ இலை தழை மிதந்து வந்தாலோ தூண்டிலைப் போட்டுவிட்டுக் கரையேறிவிடுங்கள்.

கடைசியாக, சாமான். பதினைந்தடி சால்மன் கம்பு வாங்கிவிடாதீர்கள், நம் ஓடையில் அதைத் திருப்பவே இடமிருக்காது. சீகை மரக் கிளையில் மாட்டிக்கொண்டு நிற்பீர்கள். எட்டு முதல் ஒன்பதடிக்குள், நான்கு அல்லது ஐந்து எண் ஃப்ளை கம்பு (பொய்ப்பூச்சி வீசும் கம்பு; எண் என்பது அதற்கேற்ற நரம்பின் கனம்), அதே எண்ணில் மிதக்கும் நரம்பு, முனையில் மெல்லிய தங்கூஸ் ஒன்பதடி. பொய்ப்பூச்சி பத்துப் பன்னிரண்டு போதும், கறுப்பும் பழுப்புமாக, சின்னதாக. முள்ளின் முனைக்குக் கீழே எதிர்த்திசையில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கொக்கியைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். விடும்போது மீனுக்கு வாய் கிழியாது. மீனைத் தொடும் முன் கையை நனைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த கை பட்டால் அதன் வழவழப்பு உரிந்து, பின்னால் பூஞ்சை பிடிக்கும். மண்புழு வேண்டாம். மீன் அதை ஆழமாக விழுங்கிவிடும், பிறகு விட்டாலும் பிழைக்காது.

கம்பு வந்ததும் கோவையிலேயே பழக ஆரம்பித்துவிடுங்கள். வீட்டுப் பக்கத்து மைதானத்தில், முள்ளுக்குப் பதிலாக நரம்பு நுனியில் ஒரு துண்டு கம்பளி நூலைக் கட்டி, முப்பதடி தள்ளி ஒரு சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு, தினம் அரை மணி நேரம் வீசுங்கள். பத்துக்கு ஏழு தடவை நூல் தட்டுக்குள் சத்தமில்லாமல் விழுந்தால் மலையேறலாம்.